ஈன்ற பன்றிக்கு எந்தத் தீவனம்?

கேரளத்தின் பிற பகுதிகளைப் போலவே பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை எல்லையிலும், இடுக்கியின் குமுளிப் பக்கத்திலும் பன்றி வளர்ப்பு ஓட்டல் மிச்சத்தையும் கோழிக்கழிவையும் நம்பியே நிற்கிறது. அந்த முறையின் தகுதி பெரிது. பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகும். அதைக் கழிவுத் தீவனம் வெட்டிக் குறைக்கிறது, ஊரின் குப்பையையும் தின்று தீர்க்கிறது. ஆனால் இதை ஆதரிப்போர் சான்று காட்டுவது இறைச்சிப் பன்றியின் எடையை. அளவுகோலே தவறு. ஒரு தீவன முறையின் உண்மையான சோதனை ஈற்றுக் கொட்டிலில்தான் நடக்கிறது.

பத்துக் குட்டிக்குப் பாலூட்டும் பன்றி நாளுக்கு 8 முதல் 10 கிலோ பால் சுரக்க வேண்டும். குட்டி ஒரு கிராம் எடை ஏற ஏறத்தாழ 4 கிராம் பால் செல்கிறது. இதற்கு 5, 6 கிலோ அடர்தீவனம் தேவை. ஓட்டல் மிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதே உலர்பொருளைப் பெற அவள் நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். வயிறு நிறையும், தேவை நிறையாது. சோறே மிகுந்த கலவையில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு என்பதால் தன் தசையைக் கரைத்துப் பாலாக்குகிறாள். பால் மறக்கடித்த பின் பருவத்துக்கு வரத் தாமதம், அடுத்த ஈற்றில் குட்டி குறைவு: கழிவில் மிச்சம் பிடித்த காசு இங்கே திரும்பப் போகிறது.

எதிர்த்தரப்பான பாடநூல் முறையும் குறையற்றதன்று. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் 2013 அட்டவணையும், அமெரிக்காவின் 2012 அட்டவணையும் தேவையைத் துல்லியமாகக் கணக்கிடுகின்றன. அது பெரும் சாதனை. ஆனால் தேவை வேறு, தின்பது வேறு. 1999இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 18 பாகை வெப்பத்தில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் தின்ற தாய்ப்பன்றிகள் 29 பாகையில் ஏறத்தாழ 3 கிலோவோடு நிறுத்திக்கொண்டன. கோடையில் 40 பாகையைத் தொடும் பாலக்காட்டுச் சமவெளிக்கும் இடுக்கியின் குளிர்ந்த மலைச்சரிவுக்கும் ஒரே அட்டவணையை நீட்டுவது முறையியல் பிழை.

ஈற்று நாளில் தீவனத்தை வெட்டச் சொன்ன பழைய அறிவுரை இன்னும் மோசமானது. மலச்சிக்கலையும் மடிநோயையும் தவிர்ப்பது அதன் நோக்கம். நோக்கம் சரி, வழி தவறு. ஈனுதல் கடும் உழைப்பு, அதற்கான குளுக்கோஸ் கடைசி உணவிலிருந்து வர வேண்டும். கடைசி உணவுக்குப் பின் 3 மணி நேரத்துக்குள் ஈனத் தொடங்கிய பன்றிகள் விரைவில் முடித்தன, நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தவற்றுக்கு ஈனும் நேரம் நீண்டது, செத்துப் பிறந்த குட்டிகளும் கூடின என்று 2018இல் டென்மார்க் ஆய்வு காட்டியது. மலச்சிக்கலுக்குத் தீர்வு பட்டினி அன்று, நார்ச்சத்து. குட்டியின் நிலையோ இன்னும் நெருக்கடியானது. நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் புரதம் அதற்கு வருவதில்லை, சூடு தரும் பழுப்புக் கொழுப்பும் அதன் உடலில் இல்லை. முதல் 24 மணி நேரத்தில் 200 முதல் 250 கிராம் சீம்பால் கிடைத்தால்தான் பிழைக்கும். அந்தச் சீம்பால் 114 நாள் சினையின் இறுதி நாட்களிலேயே மடியில் உருவாகிறது. அந்த நாட்களில் தாய்க்குப் போடுவது வெறும் சோற்றுத் தண்ணீர் என்றால் அதன் விலையைக் குட்டி கொடுக்கிறது.

2022 ஜூலையில் வயநாட்டில் உறுதியாகி அவ்வாண்டே இடுக்கியை எட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கழிவு முறையின் கணக்கை மேலும் மாற்றிவிட்டது. வைரஸை அழிக்கக் கழிவைக் கிளறிக்கொண்டே 90 பாகையில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும் என்கிறது உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி. விறகும் ஆள்கூலியும் சேர்ந்தால் மலிவு என்ற வாதம் பாதியாகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: வேகவைத்த கழிவு இறைச்சிப் பன்றிக்குத் தகும், ஈற்றுக்குப் பத்து நாள் முன்பிருந்து பால் மறக்கும் வரை தாய்க்குத் தகாது. அந்தக் காலத்தில் அடர்தீவனமே வேண்டும், நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, ஈற்று நாளிலும் நிறுத்தாமல். சித்தூர்ப் பக்கம் வெயிலைத் தவிர்த்து அந்த வேளைகளை விடியலிலும் இரவிலுமாக அமைக்க வேண்டும், தண்ணீருக்கு அளவு வைக்கக் கூடாது. இடுக்கி மலையில் அட்டவணை அளவையே முழுதாகக் கொடுக்கலாம். அங்கே பஞ்சம் தாயின் பசிக்கு இல்லை, குட்டி படுக்கும் மூலையின் சூட்டுக்குத்தான்.