மேங்கோ: ஹாப்சன் ஜாப்சன் பதிவு குறித்த மதிப்பீடு

மேங்கோ என்னும் ஆங்கிலச் சொல் தமிழின் மாங்காய் என்பதிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது ஹாப்சன் ஜாப்சன் அகராதி. ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் இருவரும் தொகுத்த இந்நூல் 1886-இல் வெளியானது. வில்லியம் குரூக் திருத்திய பதிப்பு 1903-இல் வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சேறும் முன்பே, 1882-இல் காலமானார்.

தமிழ்ச் சொல்லைப் போர்ச்சுக்கீசியர் மாங்கா என்று எடுத்துக்கொண்டனர், அவர்களிடமிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்றது என்கிறது அப்பதிவு. இது மலாய்ச் சொல் என்ற கருத்தையும் மறுக்கிறது. கனியும் பெயரும் தென்னிந்தியாவிலிருந்தே மலாய்த் தீவுகளுக்குப் போயின என்பது அதன் முடிவு. இதுவரை குறை சொல்ல இடமில்லை.

சொல்லைப் பிரிக்கும் இடத்தில்தான் சறுக்கல் தொடங்குகிறது. மரத்தின் பெயரை மான், மாம் என்று பதிவு கொள்கிறது. மரத்தின் பெயரோ மா என்னும் ஓரெழுத்துச் சொல். மா + காய் = மாங்காய், மா + பழம் = மாம்பழம், மா + தளிர் = மாந்தளிர், மா + சோலை = மாஞ்சோலை. வருமொழியின் வல்லெழுத்துக்கு ஏற்ப இனமெல்லெழுத்து தோன்றுகிறது. நன்னூல் இதை மரப்பெயர்ப் புணர்ச்சியில் கூறுகிறது. மேங்கோ என்னும் சொல்லின் நடுவே ஒலிக்கும் மெல்லெழுத்து இந்தப் புணர்ச்சியில் பிறந்ததே. பள்ளி மாணவர் அறிந்த இந்த விதி, தஞ்சையில் வாழ்ந்த அறிஞரின் நூலில் விடுபட்டது வியப்புத்தான்.

அடுத்த குறை இன்னும் பெரிது. காய் என்பதற்கு வெறுமனே கனி என்று பொருள் தருகிறது பதிவு. தருமபுரி மாவட்டத்தில் இப்படிச் சொன்னால் எந்த மொழிக்காரரும் ஏற்கமாட்டார். அங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. தமிழில் மாங்காய், மாம்பழம். தெலுங்கில் மாமிடிகாய, மாமிடி பண்டு. கன்னடத்தில் மாவினகாயி, மாவினஹண்ணு. மூன்றும் காயையும் பழத்தையும் வேறுபடுத்துகின்றன. மிளகாய்த்தூள் தூவிக் கீற்றாக விற்கப்படும் கிளிமூக்கு காய். அதுவே பழுத்தபின் கூழ் ஆலைக்குப் போனால் பழம். ஆங்கிலத்துக்கு இரண்டும் மேங்கோதான். ஆனால் பழக் கொள்முதல் நடக்கும் இடத்தையும் மாங்காய் மண்டி என்று சொல்லும் வழக்கு தமிழில் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.

காய் என்ற பொருள் ஆங்கிலத்திலும் ஒரு காலம் உயிரோடு இருந்தது. கப்பற்பயணத்தில் பழம் தாங்காது. ஊறுகாயாகப் போட்ட மாங்காயே இங்கிலாந்து சென்றது. அதனால் வெள்ளரி, முலாம்பழம் முதலியவற்றை அதேபோல ஊறவைத்தாலும் மேங்கோ என்றனர். ஊறுகாய் போடுவதைக் குறிக்கும் வினையாகவும் அச்சொல் வழங்கியது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிகளில் குடைமிளகாய்க்கு அப்பெயர் ஏற்பட்டதும் இவ்வழியில்தான்.

மலையாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்ச்சுக்கீசியர் 1498-இல் வந்திறங்கியது கோழிக்கோட்டுப் பகுதியில். அங்குள்ளோர் சொன்னது மாங்ங. போர்ச்சுக்கீசிய வடிவத்துக்கு அது மிக நெருக்கம். பிற்கால அகராதிகள் பல மலையாளத்தை நேர்மூலமாகக் காட்டுவதற்குக் காரணம் இதுவே. மாங்ங, மாங்காய் இரண்டும் ஒரே அமைப்புடைய உறவுச் சொற்கள் என்பதால், ஒன்றை ஏற்க மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. மேற்குக் கடற்கரையில் நடந்த கைமாற்றத்தை மட்டும் பதிவில் சேர்த்துப் படிக்க வேண்டும்.