டாஸ் கணினியிலிருந்து கோப்புகளை மீட்க எந்த மென்பொருள்?

ஃப்ளாப்பி டிரைவ் பழுதான பழைய டாஸ் கணினி. ஹார்ட் டிஸ்க்கில் பத்து மெகாபைட் அளவுக்குக் கடிதங்களும் கணக்குகளும் கிடக்கின்றன; வெளியே வர சீரியல் போர்ட்டைத் தவிர வேறு வாசல் இல்லை. இதற்குக் காசு கொடுத்து வாங்கும் லேப்லிங்க்கும் உண்டு, இலவச மென்பொருள்களும் உண்டு.

டிராவலிங் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் லேப்லிங்க் அன்று நன்றாக விற்றதில் வியப்பில்லை. இரு கணினிகளின் கோப்புகளும் திரையில் அருகருகே தெரியும். வேண்டியதைக் குறித்து அனுப்பினால் வேலை முடிந்தது. புதியவர்களுக்கு இன்றும் அதுவே எளிது.

1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6, தனி விலை கேட்காமல் இன்டர்லிங்க்கைச் சேர்த்தே தந்தது. எதிர்க் கணினியில் இந்த நிரல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அங்கே மோட் கட்டளையால் வேகத்தை 2400க்கு இறக்கி, கட்டுப்பாட்டை சீரியல் போர்ட்டிடம் ஒப்படைக்கும் சிடிடிஒய் கட்டளையை அடித்தால், நிரல் கேபிள் வழியாகவே போய் அமர்ந்துகொள்ளும். ஏழு கம்பி நல்-மோடம் கேபிள் மட்டும் அவசியம். பிறகு எதிர்க் கணினியின் டிஸ்க், நம் கணினியில் இன்னொரு டிரைவாகத் தெரியும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருப்பது சிறு தொல்லை. இரு முனையும் டாஸாக இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய குறை.

லினக்ஸ் கணினிக்கு அனுப்ப வேண்டுமானால் கெர்மிட். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த இது, சிபி/எம் முதல் பெருங்கணினி வரை ஓடியது. 2011இல் சி-கெர்மிட் பிஎஸ்டி உரிமத்தில் வெளியானதால் இன்றைய லினக்ஸிலும் ஓடுகிறது. சிறு சிறு பொட்டலங்களாக அனுப்புவதால் மெதுவாக நகரும். பொட்டல அளவைக் கூட்டினால் வேகம் பிடிக்கும்.

வேகம் மென்பொருளை மட்டும் பொறுத்ததல்ல. பத்து மெகாபைட், 9600 வேகத்தில் சுமார் மூன்று மணி நேரம் எடுக்கும். 115200இல் கால் மணி நேரம். ஆனால் பழைய 8250 சிப், வந்த ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும். வேகம் கூடினால் அடுத்தது தொலைந்துபோகலாம். 16550ஏ சிப்பில் 16 பைட்டுக்கு இடமுண்டு.

பாதியில் கேபிள் கழன்றால்? சக் ஃபோர்ஸ்பெர்க் 1986இல் உருவாக்கிய கோப்பு அனுப்பும் நெறிமுறையான இசட்மோடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1977இன் எக்ஸ்மோடம் முதலிலிருந்து தொடங்கும். கடைசி 128 பைட் கட்டத்தையும் நிரப்பி அனுப்புவதால் கோப்பின் அளவே மாறிவிடும்.

இரு பக்கமும் டாஸ் இருந்து, ஒன்றிலாவது டாஸ் 6 இருந்தால் இன்டர்லிங்க், இல்லையென்றால் கெர்மிட். லேப்லிங்க் பெட்டி கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்று அதைத் தேடி வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல நல்-மோடம் கேபிள் ஒன்று வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழலும்போதே கோப்புகளை எடுத்துவிடுங்கள்.