குழந்தையின் வேகத்தில் ஒரு பூங்கா மாலை

குழந்தையோடு பூங்காவுக்குப் போவதென்றால் ஐந்து மணிக்கு மேல் கிளம்புங்கள். கோடையில் அதற்கு முன்னால் போனால் இரும்புச் சறுக்குமரம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். ஏற்றுவதற்கு முன் உங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லையென்றால் அன்றைக்குச் சறுக்குமரம் வேண்டாம். கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். எத்தனை சுற்று நடந்தோம் என்ற கணக்கையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நாலு வயதுப் பிள்ளை பத்தடி நடக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டு போகாமல், அது நிற்கிற இடத்தில் நீங்களும் உட்கார்ந்துவிட வேண்டும். பூங்காவை ரசிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அநேகமாகப் பிள்ளை மண்ணைப் பார்த்துத்தான் நிற்கும். மழைச்சாரல் படாத மரத்தடியிலோ சுவரோரத்திலோ பொடிமண்ணில் நாணய அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், புனலைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழியானை புதைந்து காத்திருக்கிறது. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைக்கட்டும், மண் சரியும். எறும்பு ஏற முயன்றால் கீழேயிருந்து குழியானை தலையால் மண்ணை வாரி வாரி மேலே வீசும். எறும்பு மறுபடி உருண்டு விழும். குழியை மண்ணோடு அள்ளிக் குழந்தையின் கையில் விட்டால், சாம்பல் நிறத்தில் ஒரு கொழுத்த பூச்சி பின்பக்கமாகவே நகர்வதைப் பார்க்கலாம். இந்தப் புழுதான் பிற்பாடு நீண்ட இறக்கை முளைத்து இரவில் பறக்கும் பூச்சியாகிறது என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். பார்த்து முடித்ததும் அதே மண்ணில் விடச் சொல்லுங்கள். பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடந்து புதுக் குழி வெட்டத் தொடங்கிவிடும். இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும்.

அடுத்தது ஊஞ்சல். கனமான அக்காவும் ஒல்லியான தம்பியும் ஒரே அளவுச் சங்கிலியில் ஆடினால் போய்வர ஒரே நேரம்தான் ஆகும். இரண்டேகால் மீட்டர் சங்கிலிக்கு ஏறக்குறைய மூன்று விநாடி. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பாடத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே ஊசலின் விதி உடம்பில் ஏறிவிடும். தள்ளிவிடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்னே போகும்போது காலை நீட்டி உடம்பைச் சாய்க்க வேண்டும், பின்னே வரும்போது காலை மடக்க வேண்டும். இந்தத் தாளம் பிடிபட்ட கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க நீங்கள் பின்னால் நிற்கக்கூடாது, எதிரே ஓரமாக நிற்க வேண்டும்.

சறுக்குமரத்தில் ஓர் எச்சரிக்கை: பாசத்தில் மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கினால் பெரியவரின் எடை முழுதும் சேர்ந்து அழுத்தி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிடலாம். தனியாகச் சறுக்க முடியாத வயதென்றால் இன்னும் ஒரு வருஷம் மணலில் விளையாடட்டும். வரிசைச் சண்டையில் உடனே தலையிடவும் வேண்டாம். ‘நான் பத்து எண்ணுவேன், அப்புறம் நீ’ என்று அவர்களே ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஆறு மணிவாக்கில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அதன் அடிக்குப் போங்கள். தாழ்ந்த கிளையொன்றில் ஓர் இலையைக் குறித்துவைத்துக்கொண்டு சிறிது நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். காம்பின் அடியில் சின்னப் புடைப்பு இருக்கிறது. அதற்குள் நீர் இடம் மாறுவதால் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிகின்றன. வெளிச்சம் மங்க மங்க, தலைக்கு மேல் அடர்ந்திருந்த பச்சைக் கூரையில் வானம் தெரியத் தொடங்கும். ‘மரம் தூங்கப் போகுது, நாமும் போகலாம்’ என்றால் அடம் பிடிக்காமல் எழுந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வாசலில் பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டுங்கள். சென்னையில், தியாகராய நகரின் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, ஏன், அந்த நகரின் பெயரே நீதிக்கட்சித் தலைவர்களின் நினைவாக வைத்தது. மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்கா, அமிர்தாஞ்சனம் தந்தவரின் பெயரில் இருக்கிறது. தலைவலித் தைலத்தின் வாசனை தெரிந்த குழந்தைக்கு அந்தப் பெயர் மறக்காது.

போகிறபோது ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா, கீழே மணல் போய்ச் சிமெண்டுத் தரை தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ‘நமக்கென்ன’ என்று வந்துவிடாதீர்கள். நாளைக்கு அதில் ஏறப்போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை. சென்னையில் மாநகராட்சிப் புகார் எண் 1913. மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் நகராட்சியில் சொல்லுங்கள்.