இருப்புக் கணக்கும் வரவுசெலவும்: பேராக் தமிழ்ப்பள்ளித் தரவுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எண்களைப் பற்றிய பேச்சாகவே நடைபெற்று வருகிறது. எத்தனை பள்ளிகள் எஞ்சியுள்ளன, முதலாம் ஆண்டில் எத்தனை பேர் பதிந்தனர், தேர்ச்சி விகிதம் எவ்வளவு என்னும் வினாக்களே மேடைகளிலும் நாளிதழ்களிலும் முன்வைக்கப்படுகின்றன. இவ்வெண்கள் பொய்யானவை அல்ல. ஆயினும் அவை எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாது விடுகின்றன என்பதை நாம் போதிய அளவு ஆராய்ந்ததில்லை. தோட்டப்புறங்களிலிருந்து பெயர்ந்து நகர்ப்புற விளிம்புகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை நம் பள்ளித் தரவுகள் எவ்வாறு காண்கின்றன என்பதைப் பேராக் மாநிலத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராக்கைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நாட்டிலுள்ள 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் 134 பள்ளிகள் இம்மாநிலத்தில் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்துணைப் பள்ளிகள் இல்லை. சுங்கை சிப்புட், பாகான் செராய், பீடோர், தெலுக் இந்தான் எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களும், அத்தோட்டங்களை விட்டு வந்தோரை ஏற்ற ஈப்போ, புந்தோங் போன்ற நகர்ப்பகுதிகளும் ஒரே மாநிலத்தில் அமைந்திருப்பதால், பெயர்வின் இரு முனைகளையும் இங்கு ஒருங்கே காண இயலும்.

பெயர்வின் வரலாறு

தோட்டப்பள்ளி, தோட்டத்தொழிலாளர் சட்டங்களின் விளைவாகத் தோன்றியது. தோட்டத்தில் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. எனவே பள்ளியின் வாழ்வு தொடக்கந்தொட்டே தலைக்கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. அக்காலத்திலும் தரவுக்குக் குறைவில்லை. விடியற்காலைப் பெரட்டில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதைக் கிராணியாரின் செக்ரோல் புத்தகம் நாள் தவறாது காட்டியது. ஆனால் அது உழைக்கும் கைகளின் கணக்கு. படிக்கும் பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டும் அத்தகைய கணக்கு தோட்டத்தில் இருந்ததில்லை.

1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டமையை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். அத்துண்டாடலால் வேலையும் குடியிருப்பும் ஒருசேர இழந்தோர் பலர். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தமைக்கு இச்சூழலே பின்புலம். 1969இல் குடியுரிமையற்றோருக்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட்டபோது பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். பின்னர் இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். அவ்விடங்களுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டன. தோட்டம் மறைந்தபின்னும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் இவ்வரலாற்றின் சான்றுகளாகும்.

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன எனக் குறிப்பர். அவற்றுள் பல பின்னர் இணைக்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. மாணவர் தொகையோ வேறு பாதையில் சென்றது. அது 2000-களின் இறுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டி, பின்னர்ச் சரிந்து, அண்மை ஆண்டுகளில் 80,000-க்கும் கீழே இறங்கியுள்ளது.

ஓர் எண், மூன்று காரணங்கள்

இச்சரிவை நாம் எவ்வாறு வாசிக்கிறோம்? பெற்றோருக்கு மொழிப்பற்றுக் குறைந்துவிட்டது என்பதே வழக்கமான விடை. இவ்விடை எளிதானது, ஆனால் முழுமையானதன்று. ஒரு பள்ளியில் மாணவர் குறைவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பிள்ளைப்பேறு குறைந்திருக்கலாம். குடும்பங்கள் அவ்வட்டாரத்தை விட்டுப் பெயர்ந்திருக்கலாம். பெற்றோர் தேசியப்பள்ளியையோ சீனப்பள்ளியையோ தேர்ந்திருக்கலாம். மலேசிய இந்தியரின் மொத்தக் கருவள விகிதம் அண்மை ஆண்டுகளில் 1.3-க்கும் கீழே சென்றுவிட்டது. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்யத் தேவையான அளவோ 2.1 ஆகும். ஆகவே எல்லாப் பெற்றோரும் தமிழ்ப்பள்ளியையே நாடினாலும் மொத்தத்தொகை குறையவே செய்யும்.

இம்மூன்றையும் பிரித்தறியாமல் திட்டம் வகுப்பது நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். பெற்றோர் பிற பள்ளியை நாடுவதே காரணமாயின் பரப்புரை பயன் தரும். பெயர்வே காரணமாயின், பரப்புரையால் ஆவது ஒன்றுமில்லை. பள்ளியின் உரிமத்தை மக்கள் வாழும் இடத்துக்கு மாற்றுவதும் போக்குவரத்து ஏற்பாடுமே உதவும். பிறப்பு விகிதமே காரணமாயின், சிறு பள்ளிகளை எவ்வாறு நன்கு நடத்துவது என்பதையே நாம் சிந்திக்க வேண்டும். ஒரே பதிவெண்ணிக்கை இம்மூன்றையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது.

இருப்பு மட்டும் போதுமா?

பதிவெண்ணிக்கை காட்டுவது இருப்பை மட்டுமே. ஒரு பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் 60 மாணவர். அடுத்த ஆண்டும் 60 மாணவர் எனக் கொள்வோம். ஏட்டில் மாற்றம் இல்லை. ஆனால் இடையில் 15 பேர் விலகி 15 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். அவ்வாறாயின் வகுப்பில் நால்வருள் ஒருவர் புதியவர். ஆசிரியருக்கு அது வேறொரு பள்ளியே ஆகும். மளிகைக்கடைக்காரர்கூட இருப்பை மட்டும் பார்த்துக் கடை நடத்துவதில்லை. வரவையும் செலவையும் பார்க்கிறார். பிள்ளைகளின் வரவுசெலவை நாம் தொகுத்துப் பார்ப்பதில்லை.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பம் பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே பெயர்வதில்லை. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். நகரிலோ வாடகை வீடு. வாடகை உயர்ந்தாலோ வேலை மாறினாலோ மீண்டும் பெயர வேண்டும். சில பிள்ளைகள் வீடு மாறியும் பழைய பள்ளிக்கே வேனில் செல்கின்றனர். வேன் கட்டணம் தவறும் மாதத்தில் வருகையும் தவறுகிறது. வருகைப் பதிவேடு இதனை 'வரவில்லை' என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடுகிறது. பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் பள்ளியிலேயே சேராத பிள்ளையோ எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

சிறு பள்ளியும் விழுக்காடும்

150-க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை இவ்வகையின. இத்தகைய பள்ளிகளை விழுக்காட்டால் அளப்பதில் பெரும் சிக்கல் உண்டு. ஏழு பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு பிள்ளையின் மதிப்பு 14 விழுக்காடு. ஓராண்டில் அறுவர் தேறினால் 86 விழுக்காடு. மறு ஆண்டில் நால்வர் தேறினால் 57 விழுக்காடு. நாளிதழ் இதனை 29 விழுக்காட்டு வீழ்ச்சி என எழுதும். உண்மையில் வேறுபட்டது இரண்டு பிள்ளைகளின் நிலை மட்டுமே. அவ்விருவரும் ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே மிகுதியாகத் தோன்றுவதற்கு ஆசிரியரின் திறமையோ திறமையின்மையோ மட்டும் காரணமன்று. சிறு எண்களின் இயல்பும் காரணமாகும்.

1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பழக்கம் அதனால் தளர்ந்தது. ஆனால் பள்ளிசார் மதிப்பீட்டில் ஆசிரியர் குறிக்கும் அடைவுநிலைகள், பெயர்ந்த பிள்ளையோடு அடுத்த பள்ளிக்குப் பயனுள்ள வகையில் சென்றுசேர்ந்தால்தான் அம்மாற்றம் நன்மையாகும். 2010இல் தொடங்கிய லைனஸ் திட்டம் இவ்வகையில் கருதத்தக்கது. ஆரம்பப்பள்ளியின் முதல் மூன்றாண்டுகளில் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் பின்தங்கிய பிள்ளையைப் பெயர் சுட்டி அறிந்து உதவ அது முனைந்தது. பள்ளியை அளக்காமல் பிள்ளையை அறிய முயன்றமை அதன் சிறப்பு. தமிழ் எழுத்தறிவு அதன் அளவுகோலில் இடம்பெறாமை அதன் குறை. தமிழில் வாசிக்கும் பிள்ளை மலாயில் தடுமாறுவதும், எம்மொழியிலும் வாசிக்க இயலாமையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வேறுவேறு பயிற்சி வேண்டும். இவ்வேறுபாடு அறியப்படாத பிள்ளையே பின்னர் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க நேர்கிறது.

அயல்நாட்டு முன்மாதிரி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பருவந்தோறும் பண்ணைதோறும் பெயரும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1966இல் தனிக் கல்வித்திட்டம் உருவாக்கப்பட்டது. அவர்களின் பள்ளிப் பதிவுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்ப, ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் கணினி மையம் ஒன்று இயங்கியது. இணையம் பரவாத காலத்தில் அது அரிய முயற்சிதான். எனினும் தகவல் தாமதமாக வந்தமையாலும், ஆசிரியர்கள் அதனைப் போதிய அளவு பயன்படுத்தாமையாலும் 1990-களின் நடுவில் அது கைவிடப்பட்டது. 2007இல் மாநிலங்களின் பதிவுகளை இணைக்கும் புதிய முறை தொடங்கப்பட்டது. அண்மையில் பெயர்ந்தவர், கல்வியில் பின்தங்கியவர் என்னும் இரு செய்திகளும் பொருந்தும் பிள்ளைக்கே முதல் உதவி என்பது அந்நாட்டுச் சட்டத்தின் நெறி.

இதனை அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. அங்குப் பெயர்வு பயிர்த்தொழிலை நோக்கியது. இங்குப் பயிர்த்தொழிலை விட்டு நீங்கியது. ஆயினும் இரண்டு பாடங்களை நாம் கொள்ளலாம். ஆசிரியரின் கைக்குக் காலத்தே வராத தரவு, எவ்வளவு பெரிய கணினியில் இருந்தாலும் பயனற்றது. உதவிக்கு முன்னுரிமை வகுக்க நூறு விவரங்கள் வேண்டியதில்லை. பொருத்தமான இரண்டு போதும்.

செய்யத்தக்கவை

புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு செய்திகள் பதியப்பட்டால் போதும் என்பது நம் கருத்து. முன்பு பயின்ற பள்ளிகள் எவை. அங்கிருந்து விலகிய நாளுக்கும் இங்குச் சேர்ந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு. குடும்பம் பெயர்ந்த காரணம் என்ன. தமிழிலும் மலாயிலும் வாசிப்பு நிலை யாது. இறுதியானதை வகுப்பாசிரியரே முதல் இரு வாரங்களுக்குள், ஒரு பத்தியை வாசிக்கச் செய்து அறிந்துகொள்ளலாம்.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். ஆசிரியர்கள் ஏற்கெனவே பதிவேற்றப் பணிகளால் களைத்துள்ளனர் என்பது ஒன்று. இது நியாயமான மறுப்பு. ஆதலால் புதிய படிவம் ஒன்றைச் சேர்க்கும்போது, யாரும் திரும்பிப் பாராத பழைய படிவம் ஒன்றையேனும் நீக்குதல் வேண்டும். 'தோட்டத்துப் பிள்ளை' என்னும் முத்திரை பிள்ளையின்மேல் விழும் என்பது மற்றொன்று. தோட்டப்பள்ளி பிள்ளையைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கும் கருவியாக இயங்கியதைப் பேராசிரியர் டி. மாரிமுத்து போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர். தரவும் அத்தகைய கருவியாகலாம். எனவே இப்பதிவு பிள்ளையைத் தரம்பிரித்து அமர்த்தப் பயன்படலாகாது. உதவி சேர்ந்ததா என்பதைப் பள்ளியிடமும் மாநிலக் கல்வி இலாகாவிடமும் கேட்கவே பயன்பட வேண்டும்.

நிதியும் இதனோடு தொடர்புடையது. தலைக்கணக்கில் வழங்கப்படும் மானியம், எண்ணிக்கை குறைந்த பள்ளியை மேலும் மெலியச் செய்கிறது. பெயர்ந்துவரும் பிள்ளைகள் மிகுந்த பள்ளிக்கு, அவ்வரவுசெலவைக் காட்டிக் கூடுதல் ஆசிரியரையும் போக்குவரத்து உதவியையும் கோரும் வழி பிறக்க வேண்டும். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உணர்ச்சியுரையோடு சான்றையும் கொண்டு அலுவலகப் படியேற அப்போது இயலும்.

முடிவுரை

தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கையைக் காப்பதில் நம் சமுதாயம் காட்டிய ஊக்கம் போற்றத்தக்கது. ஆனால் பள்ளியைக் காப்பதும் பிள்ளையைக் காப்பதும் எப்போதும் ஒன்றாகிவிடா. தோட்டங்கள் மறைந்தன, அங்கிருந்து புறப்பட்ட குடும்பங்கள் எங்குச் சென்றன, அவர்தம் பிள்ளைகள் எந்த வகுப்பில் நின்றுபோயினர் என்பதற்கு நம்மிடம் முறையான பதிவு இல்லை. தலைமையாசிரியர்கள் பலர் அதனை மனப்பாடமாக அறிவர். அவர்கள் ஓய்வு பெறும்போது அவ்வறிவும் பள்ளியை விட்டுச் சென்றுவிடுகிறது. அதனை ஏட்டில் ஏற்றி, அடுத்த பள்ளியின் ஆசிரியருக்குச் சேர்ப்பிப்பதே தரவின் முதற்கடமை எனலாம்.