பங்க் இசையில் ஓர் ஆர்கன்: ஸ்ட்ராங்லர்ஸ் ரசிகர்களின் ரசனை – ஒரு பார்வை

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் யாப்பு, நிகண்டு, கல்வெட்டு என்று எழுதிக்கொண்டிருந்த ஆள், இந்த ஆண்டு இங்கிலாந்து பங்க் இசையைப் பற்றி எழுதுகிறாரே, வயது ஏறிவிட்டதோ என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். மலர்க் குழுவினரிடம் தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி ஐயா, எழுதுங்க" என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி.

குழுவின் பெயர் 'தி ஸ்ட்ராங்லர்ஸ்'. கழுத்தை நெரிப்பவர்கள் என்று பொருள். எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்த்த நயினார் வீட்டுப் பிள்ளை இந்தப் பெயரை வீட்டில் எப்படிச் சொல்வான்? நான் பல வருடம் சொல்லவே இல்லை. 1990களில் கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவில், பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்றில், அவர்களுடைய தட்டு ஒன்றை வாங்கினேன். படாபஜாரில் என் பாத்திரக் கடைக்குக் கணக்கு எழுத வரும் வங்காளி நண்பர்தான் கூட வந்து, "பாட்டை விடுங்கள், கீபோர்டைக் கேளுங்கள்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அவர் சொன்னபடியே பாட்டை விட்டுவிட்டுக் கீபோர்டைக் கேட்டேன். அப்படிக் கேட்டதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சுருக்கமாக வரலாறு. 1974இல் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்ஃபோர்டு நகரில் இந்தக் குழு தோன்றியது. டிரம்ஸ் வாசித்த ஜெட் பிளாக் அப்போதே முப்பத்தைந்தைக் கடந்தவர். ஐஸ்கிரீம் வண்டிகள் வைத்து வியாபாரம் செய்தவர். குழுவினர் ஊர் ஊராகப் போனதும் அப்படியொரு ஐஸ்கிரீம் வண்டியில்தான். (வியாபாரி என்ற முறையில் எனக்கு அவர்மீது தனிப் பிரியம்.) பாடியவரும் கிட்டார் வாசித்தவருமான ஹ்யூ கார்ன்வெல் உயிர்வேதியியல் படித்து, ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். பேஸ் கிட்டார் ஜான்-ஜாக் பர்னெல் லண்டனில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர், கராத்தே பயின்றவர். 1975இல் நான்காவது ஆளாக வந்து சேர்ந்தவர் டேவ் கிரீன்ஃபீல்டு. பிரைட்டனில் 1949இல் பிறந்தவர், கீபோர்டு வாசிப்பவர், மீசைக்காரர், அதிகம் பேசாதவர்.

1976, 77இல் லண்டனில் பங்க் அலை எழுந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ், டேம்ன்ட் முதலிய குழுக்கள் எல்லாம் கிட்டார் குழுக்கள். நாலு தட்டு தட்டத் தெரிந்தால் மேடை ஏறலாம் என்பதே அவர்களது சித்தாந்தம். கீபோர்டு என்பது அவர்கள் வெறுத்த முந்தைய தலைமுறையின் சின்னம். மேடையில் ஏழெட்டு கீபோர்டு அடுக்கி இருபது நிமிடம் வாசிப்பவர்களுக்கு எதிராக எழுந்த கலகம்தானே பங்க்! அந்தக் கலகக் கூட்டத்தின் நடுவில் ஹேமண்ட் ஆர்கனும் மினிமூக் சிந்தசைசருமாக ஒரு குழு வந்து நின்றால் என்ன ஆகும்? "இவர்கள் பங்க்கே இல்லை" என்று விமர்சகர்கள் தள்ளினார்கள். ஆனால் 1976 ஜூலையில், அமெரிக்காவின் ரமோன்ஸ் குழு லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்த பெயர்பெற்ற நிகழ்ச்சியில் அவர்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் இவர்களே. 1977 ஏப்ரலில் வந்த 'ராட்டஸ் நார்வெஜிகஸ்' என்ற முதல் தொகுப்பு (பழுப்பு எலியின் அறிவியல் பெயர்) இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போயிற்று.

பங்க்கா, இல்லையா என்ற இந்த வழக்கை ரசிகர்கள் இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது வீண் வழக்காகவே படுகிறது. நம் நாட்டிலும் ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாத பெட்டி என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. சுமார் முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. தாகூருக்கே அந்தப் பெட்டி ஆகாது. கமகம் வராது என்ற குறை நியாயமானதுதான். ஆனால் தடை இருந்த காலத்திலும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. கருவியை வைத்துச் சாதி பிரிப்பவர்கள் காதை மூடிக்கொள்கிறார்கள். கேட்க வேண்டியது, அந்தக் கருவி அந்தக் கூட்டத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

பொதுவாக ராக் குழுவில் பேஸ் கிட்டார் வீட்டு அஸ்திவாரம் மாதிரி. இருப்பதே தெரியாது. முன்னால் நிற்பது கிட்டார். ஸ்ட்ராங்லர்ஸில் இது தலைகீழ். பர்னெலின் பேஸ் கிட்டார் உறுமிக்கொண்டு முன்னால் வந்துவிடும். கார்ன்வெலின் கிட்டார் மெலிந்து, முள் மாதிரி இங்கொரு குத்து அங்கொரு குத்து. இடையில் விழும் பெரிய வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு கிரீன்ஃபீல்டுக்கு வருகிறது. அவர் சுரங்களைச் சேர்த்து அமுக்கி அதை நிரப்புவதில்லை. ஒரு சுரக்கூட்டை உடைத்து, ஒவ்வொரு சுரமாக மேலும் கீழும் ஓட விடுகிறார். பேஸ் ஓரிடத்தில் நின்று உறும, அதைச் சுற்றி ஆர்கன் ஓடுகிறது. ஒன்று காவல் நாய், மற்றொன்று அணில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுப்பின் கடைசிப் பாட்டு 'டவுன் இன் தி சூவர்', சாக்கடைக்குள் இறங்குவது பற்றியது. நான்கு பகுதிகளாக ஏழு நிமிடத்துக்கு மேல் போகும். அதில் இந்த இரண்டின் விரட்டலை நன்றாகக் கேட்கலாம். 1978இல் பர்ட் பக்கராக்கின் 'வாக் ஆன் பை' என்ற மென்மையான காதல் பாட்டை எடுத்து ஆறு நிமிடத்துக்கு மேல் நீட்டினார்கள். நடுவில் வரும் நீண்ட ஆர்கன் வாசிப்பு, மூன்று நிமிடப் பங்க் விதியை முகத்துக்கு நேராக மீறியது.

ரசிகர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஓர் ஒப்பீடு உண்டு: அமெரிக்காவின் 'டோர்ஸ்' குழுவில் ரே மன்சாரெக் வாசித்தது போலவே இருக்கிறது என்பது. ஆர்கனின் ஒலி ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் வேலை வேறு. டோர்ஸ் மேடையில் பேஸ் கிட்டார்காரர் கிடையாது. மன்சாரெக் இடக்கையால் பேஸ் பகுதியையும் வாசித்தாக வேண்டும். கிரீன்ஃபீல்டுக்குப் பக்கத்தில் பர்னெல் இருந்தார். ஆகவே இரண்டு கைகளுக்கும் விடுதலை. அந்த ஓட்டம் அந்த விடுதலையில் பிறந்தது என்பது என் கருத்து.

இனி 'கோல்டன் பிரவுன்'. 1981இல் வந்த 'லா ஃபோலி' தொகுப்பில் இருந்து எடுத்து 1982 ஜனவரியில் தனித்தட்டாக வெளியிட்டார்கள். பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. இவர்களது பாட்டுகளில் அதுவே பெரிய வெற்றி. கிரீன்ஃபீல்டு ஹார்ப்சிகார்டு ஒலியில் வாசிக்கும் மெட்டு அது. ரசிகர்கள் மிக அதிகமாக எண்ணிப் பார்த்த பாட்டும் அதுதான். "வால்ட்ஸ் மாதிரி இருக்கிறது, ஆனால் கால் இடறுகிறது" என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் படித்த சொற்கட்டு போதும், இடறலுக்குக் காரணம் தெரிந்துவிடும். பாட்டு இல்லாமல் கருவிகள் மட்டும் வரும் பகுதியில் இப்படிப் போட்டுப் பாருங்கள்: தகிட, தகிட, தகிட, தகதிமி. மூன்று மூன்றாக மூன்று முறை, பிறகு ஒரு நான்கு. மொத்தம் பதின்மூன்று. நம் கணக்கில் சங்கீர்ண ஜாதி திரிபுட தாளம்: லகு ஒன்பது, இரண்டு துருதம் நான்கு. பிரிவுகூட அப்படியே பொருந்துகிறது. அவர்கள் நம் தாளத்தைப் படித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படியெல்லாம் உறவு கொண்டாடுவது நம்மவர்களுக்கு ஒரு வியாதி. எண்ணுவதற்கு நம்மிடம் ஒரு கோல் இருக்கிறது, அவ்வளவே.

சுவை எங்கே என்றால், குரல் வந்ததும் அந்த நான்கு மறைந்துவிடுகிறது. வெறும் மூன்றாகப் பாட்டு சீராக நடக்கிறது. குரல் நின்றதும் மறுபடியும் ஓர் எண்ணிக்கை கூடிவிடுகிறது. வெண்பாவில் ஈற்றடி ஒரு சீர் குறைந்து நிற்கும். அந்தக் குறைவினால் முடிந்த உணர்வு வரும். இங்கே ஈற்றில் ஒன்று கூடுகிறது. ஆகவே முடிவதே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொட்டிலை ஆட்டுகிறவள் ஒவ்வொரு நாலாவது ஆட்டத்திலும் கையைச் சற்றுத் தாமதித்து எடுப்பது போல.

இவ்வளவும் லாபம். இனி நஷ்டக் கணக்கு.

சில மாதங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்த என் பேத்தி, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவள், நான் 1977 தட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அறைக்குள் வந்தாள். இரண்டு பாட்டு நின்று கேட்டாள். "தாத்தா, இதுல என்ன பாடுறாங்கன்னு கேட்டிருக்கீங்களா?" என்றாள். "கீபோர்டைக் கேளும்மா" என்றேன். "கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. வார்த்தையைக் கேட்டீங்களா?" என்றாள் மறுபடியும். முப்பது வருடமாகச் சீர் பிரித்து, அசை பிரித்து, உரையாசிரியர்களோடு சண்டை போட்டவன், அந்தத் தட்டின் வார்த்தைகளை ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அன்று இரவு கேட்டேன். வெட்கமாக இருந்தது.

'பீச்சஸ்' கடற்கரையில் பெண்களை வெறித்துப் பார்க்கும் ஒருவனின் பேச்சு. அவனைக் கேலி செய்யும் பாட்டு என்று ரசிகர்கள் வாதாடுகிறார்கள். அதற்கு ஓரளவு இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே 1977இல் வந்த இரண்டாம் தொகுப்பான 'நோ மோர் ஹீரோஸ்'இல் 'பிரிங் ஆன் தி நுபைல்ஸ்' என்றொரு பாட்டு உண்டு. இளம் பெண்களைப் பண்டமாக்கிப் பேசும் பாட்டு. அதற்கு எந்தக் கேலி வாதமும் செல்லாது. 1978 செப்டம்பரில் லண்டன் பேட்டர்சீ பூங்கா நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்கு ஆடை களையும் பெண்களையே மேடையில் ஏற்றினார்கள். "காலம் அப்படி", "பங்க் என்றாலே சீண்டல்தானே" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. பெண்களே கிட்டார் எடுத்து மேடை ஏறிய காலமும் அதே காலம்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, கிரீன்ஃபீல்டை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் பழக்கம். "அவர் ஓரமாக நின்று வாசித்தார், வார்த்தைக்கு அவர் பொறுப்பில்லை" என்பது ரசிகர் கட்சி. நானும் மனசுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் இந்தக் கட்டுரையின் முற்பகுதியில் நானே எழுதியதை என்ன செய்வது? ஆர்கன் அந்தக் குழுவில் ஒட்டு வேலை அல்ல, பேஸ் உறுமலோடு பின்னிப் பிணைந்த பாதி உடம்பு என்றேனே. புகழுக்குப் பாதி உடம்பு என்றால் பழிக்கும் பாதி உடம்புதான். அந்தப் பாட்டு கேட்கும்படி இருப்பதற்கு அவருடைய விரல்களும் காரணம். இனிப்பு தடவினால் கசப்பு உள்ளே போய்விடும் என்பது மருந்துக்கும் உண்டு, விஷத்துக்கும் உண்டு.

'கோல்டன் பிரவுன்' விஷயத்திலும் இதே கதைதான். அது ஒரு பெண்ணைப் பற்றியும் ஹெராயின் பற்றியும் என்று கார்ன்வெலே பின்னாளில் சொன்னார். தாலாட்டு மாதிரி மெட்டில் வந்ததால் எத்தனையோ வீடுகளில் குடும்பத்தோடு கேட்டார்கள். நானும் பல நாள் இரவு கடை மூடிவந்து அதைக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். ஆனால் இங்கே எனக்குக் கோபம் வரவில்லை. மயக்கத்தைப் பற்றிய பாட்டுக்கு மயக்கும் மெட்டு, அதில் முடியாமல் சுற்றும் பதின்மூன்று. பொருளும் ஓசையும் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கின்றன. 'நுபைல்ஸ்' பாட்டில் ஓசை பொருளை மறைக்கிறது. இந்த வேறுபாட்டை ரசிகர்கள் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஆயினும் ரசிகர்களைக் குறை சொல்லி மட்டும் நிறுத்துவது அறமாகாது. எந்த நிகழ்ச்சியில் எந்தக் கருவி, எந்த ஆண்டில் எந்த சிந்தசைசர் வந்தது, எந்தப் பாட்டில் எத்தனை எண்ணிக்கை என்று இவ்வளவு அக்கறையாகக் குறித்து வைத்தவர்கள் அவர்கள்தான். பத்திரிகைகள் கார்ன்வெலின் நாக்கையும் பர்னெலின் கையோங்கலையும் எழுதிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் நின்ற மனிதரைப் பார்த்தவர்கள் இவர்கள். 1990இல் கார்ன்வெல் விலகிய பிறகும் குழுவைக் கைவிடாமல் அரங்கத்தை நிரப்பியவர்களும் இவர்களே.

2020 மே 3ஆம் நாள் கிரீன்ஃபீல்டு காலமானார். இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் இருந்தபோது கொரோனா தொற்றிக்கொண்டது. வயது 71. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 'டார்க் மேட்டர்ஸ்' தொகுப்பு வந்தது. அவர் முன்பே வாசித்துப் பதிந்திருந்தவை அதில் பல பாட்டுகளில் உண்டு. அவர் நினைவாகவும் ஒரு பாட்டு இருக்கிறது. பர்னெல் பாடுகிறார். டேவ் இருந்திருந்தால் அவருடைய தனி வாசிப்பு வந்திருக்க வேண்டிய இடத்தை, அந்த இடம் வரும்போதே பாட்டு சுட்டிக்காட்டுகிறது. 2022 டிசம்பரில், 84 வயதில், ஜெட் பிளாக்கும் போய்விட்டார்.

பேத்தி ஊருக்குத் திரும்பும் முன் 'கோல்டன் பிரவுன்' மட்டும் ஒருமுறை போடச் சொன்னாள். இருவருமாகத் தொடையில் தட்டி எண்ணினோம். மூன்றாவது சுற்றில் அவள் பன்னிரண்டிலேயே கையைத் தூக்கிவிட்டாள். "தாத்தா, ஒண்ணு மிச்சம் இருக்கு" என்று சிரித்தாள். மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.