இஸ்ஃபஹான் சதுக்கம்: ரெண்டு மசூதி, ரெண்டு விதமான வேலை

இஸ்ஃபஹானின் நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே நிற்கிற ஷா மசூதியின் நீலக் குவிமாடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனா அங்கே இருக்கிறதுலேயே சிறந்த கட்டடம் அதுதான்னு என்னால ஒப்புக்கொள்ள முடியல. என் ஓட்டு கிழக்குப் பக்கத்துச் சின்ன ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக்கு.

ரெண்டையும் கட்டுவித்தவர் முதலாம் ஷா அப்பாஸ். ரெண்டுக்கும் ஒரே சிக்கல். சுமார் 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் உள்ள சதுக்கம் ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மக்கா இருப்பதோ தென்மேற்கில். வாசல் சதுக்கத்தைப் பார்க்கணும், தொழுகைக்கூடம் கிப்லாவைப் பார்க்கணும். ஷா மசூதியில் வாசலைத் தாண்டியதும் கட்டடமே சுமார் 45 பாகை திரும்புகிறது. லுத்ஃபுல்லாவில் அந்தத் திருப்பம் ஓர் இருட்டு நடைவழிக்குள் நடக்கிறது. வளைந்து போய்க் கூடத்துக்குள் நுழைந்தால் நேராகக் குவிமாடத்தின் அடியில் நிற்கிறோம். முற்றம் இல்லை, மினாரும் இல்லை.

அடுத்து, வண்ண ஓடுகள். ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சுட்டு, வடிவத்துக்கு வெட்டி, சேர்த்துப் பதிப்பது ஒரு முறை. மெதுவானது, செலவும் ஜாஸ்தி. ஒரே ஓட்டில் பல நிறங்களைத் தீட்டி ஒரே தடவையில் சுடுவது 'ஹஃப்த் ரங்கி', அதாவது ஏழு வண்ணம். 1611-ல் தொடங்கிய ஷா மசூதியில், ஊரே பார்க்கிற வாசலுக்கு வெட்டிப் பதித்த வேலை. உள்ளே பெரும்பகுதி ஏழு வண்ணம். மன்னருக்கு அவசரம். அப்படியும் 1629-ல் அவர் இறந்த பிறகும் வேலை தொடர்ந்தது. லுத்ஃபுல்லாவின் குவிமாடத்துக்குள்ளோ பூச்சில்லாத செங்கல் நிறத்துக்கு நடுவே வெட்டிப் பதித்த ஓடுகள். பொறுமையா செஞ்ச வேலை.

இங்கே ஒரு நெருடலும் இருக்கு. ஷா மசூதி ஊர் மக்கள் கூடித் தொழுவதற்கானது. லுத்ஃபுல்லா அரசவையின் தனி மசூதி என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் நான் மெச்சுகிற அந்தப் பொறுமை சில பேருக்காக மட்டும் செலவிடப்பட்டது. மக்களுக்குக் கிடைத்தது நல்ல வாசலும் அவசர வேலையும். இது என் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனா இதையும் சேர்த்துச் சொல்லாம லுத்ஃபுல்லாவைப் புகழ்வது பாதி விமர்சனம்தான்.