எந்தத் தோள், எந்தத் தொழில்?

2023 ஜனவரி 15-ஆம் தேதி திருவனந்தபுரத்தின் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்திய அணி இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் முறியடித்து, ஒருநாள் ஆட்டங்களின் சரித்திரத்தில் அதுவரை எந்த அணியும் கண்டிராத பெருவெற்றியை ஈட்டியபோது, விராட் கோலியின் 166-ஐயும் சுப்மன் கில்லின் 116-ஐயும் பற்றிச் சாலைக் கடைத்தெருவிலிருந்து கரமனை அக்கிரகாரம் வரை பேசாத வாயில்லை. அதே ஆட்டத்தில் ஷ்ரேயஸ் ஐயர் 32 பந்துகளில் எடுத்த 38 ரன்னை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்த ரன் குவியலில் அது பொருட்படுத்தத் தக்கதாகவும் இல்லை. அன்று மட்டையை உயர்த்திய அந்த இடது தோள் 21 மாதங்களுக்கு முன் சஸ்திர சிகிச்சைக்கு உட்பட்டது என்பதை, மைதானத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

ஒரு விளையாட்டு வீரரின் தோளில் அறுவை நடந்தால், "ஆறு மாத ஓய்வு" என்ற ஒரே வாக்கியத்தை எல்லாப் பத்திரிகைகளும் அச்சுக்கோத்து வைத்திருப்பதுபோல் வெளியிடுகின்றன. இடது தோளா வலது தோளா, அந்தக் கையால் அவர் செய்யும் தொழில் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாதவரையில், அந்த ஆறு மாதம் என்ற கணக்குக்குப் பஞ்சாங்கத்துக்கு வெளியே அர்த்தம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

ஐயரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் 23 அன்று புனேயில் இங்கிலாந்துடன் நடந்த முதல் ஒருநாள் ஆட்டத்தில், ஷர்துல் தாக்கூர் பந்துவீச ஜானி பெயர்ஸ்டோ அடித்த பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்தபோது அவருடைய இடது தோள் மூட்டு பிசகியது. ஏப்ரல் 8-இல் அறுவை. செப்டம்பர் 22-இல் துபாயில் ஹைதராபாத் அணிக்கெதிராக ஆட்டமிழக்காமல் 47. நவம்பர் 25-இல் கான்பூரில் தொடங்கிய தம் முதல் டெஸ்டிலேயே 105. ஐந்தரை மாதத்தில் களத்துக்குத் திரும்பியது விரைவுதான் என்றாலும், அதை அற்புதம் என்று கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் வலது கையால் பந்தெறிபவர். வலது கை மட்டையாளர். அடிபட்ட தோள் பந்தெறியும் தோளன்று. கொரோனாவால் மே மாதத்தில் நின்றுபோன ஐ.பி.எல். செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கிற்று என்பதும் அவருக்கு வாய்த்த தற்செயலான அனுகூலம். டெல்லி அணியின் தலைமைப் பதவி மட்டும் அதற்குள் ரிஷப் பந்திடம் போய்விட்டது.

சரீரத்தில் உள்ள மூட்டுகளில் தோள் மூட்டைப்போல் எல்லாத் திசைகளிலும் சுழலக்கூடியது வேறில்லை. அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை அதன் ஸ்திரமின்மை. மேற்கை எலும்பின் தலைக்கும் அதைத் தாங்கும் குழிக்கும் உள்ள உறவு, சிறு தட்டின்மேல் நிறுத்திய எலுமிச்சம்பழத்தின் நிலையை ஒத்தது. குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் நார்க்குருத்து வளையம் அந்த ஆழத்தைச் சற்றே கூட்டுகிறது. ரொட்டேட்டர் கஃப் என்று கூறப்படும் நான்கு தசைகள் எலும்பின் தலையைக் குழியோடு இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மூட்டு பிசகும்போது பெரும்பாலும் கிழிவது அந்த வளையம். ஆர்த்ராஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி, எலும்பில் முளை அடித்து, கிழிந்ததை அதோடு தைத்துக் கட்டிவிடுகிறார் வைத்தியர். இவையெல்லாம் ஓரிரு மணி நேரத்து வேலை. தைத்த திசு எலும்போடு ஒன்றிப்போவது இயற்கை செய்யவேண்டிய வேலை. அதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும், மூன்று மாதத்துக்குக் குறைந்து அது போதிய உறுதி பெறுவதில்லை.

இந்த இடைக்காலத்தில் நடப்பதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. முதல் நாலைந்து வாரம் கை ஸ்லிங்கில் தொங்குகிறது. சட்டை போடும்போது அறுவை நடந்த கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். மல்லாந்து படுக்க முடியாமல், முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்ந்தபடியே உறங்கவேண்டும். முண்டு கட்டுகிற நம் ஊரில் ஒற்றைக் கையால் அதை இறுக்கிக் கட்டுவது எவ்வளவு பெரிய வித்தை என்பதைப் பட்டவர்களே அறிவார்கள். பிறகு மேஜையைப் பற்றிக் குனிந்து நின்று, கையைத் தளரவிட்டு, உடம்பை அசைப்பதன் மூலம் கை தானாக ஆடும்படி செய்யும் பெண்டுலம் அப்பியாசம்; அடுத்து, பிசியோதெரபிஸ்ட் தூக்கக் கை உயர்வது; அதன்பின் நல்ல கையின் துணையோடு, ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு உயர்த்துவது; அதற்கும் பின்னரே தன் பலத்தால் உயர்த்துவது. ரப்பர் பட்டையை இழுக்கும் நாள் வருவதற்குள் நோயாளியின் பொறுமை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

மருத்துவக் கல்லூரி வட்டாரத்துப் பிசியோதெரபி அறைகளில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும்: கை உயர்கிறதா என்று நோயாளி கண்ணாடியைப் பார்க்கிறார்; அனுபவமுள்ள பிசியோ அவருக்குப் பின்னால் நின்று தோள்பட்டை எலும்பைப் பார்க்கிறார். கை காதளவு உயர்ந்துவிட்டது என்று நோயாளி மகிழும் அதே கணத்தில், தோள் முழுவதும் காதை நோக்கி எழும்பியிருப்பதையும், சுழலவேண்டிய பட்டை எலும்பு சுழலாமல் கழுத்துத் தசையே பாரத்தைத் தூக்கியிருப்பதையும் அவர் கண்டு, "இறக்குங்கள், மறுபடியும்" என்கிறார். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய ஒரு துவாலையை இடுக்கி, அது நழுவி விழாமல் ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுக்கச் சொல்வதும் இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான். வலி போய்விட்டதே இனி என்ன என்று அவசரப்படும் வாரம்தான், ஸ்லிங்கில் கிடந்த வாரங்களைவிட ஆபத்தானது. வலி அடங்குவதும் தையல் உறுதிப்படுவதும் ஒரே வேகத்தில் நடப்பவை அல்ல.

திருவனந்தபுரத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டும். கிழக்குக் கோட்டையில் 1956 முதல் சி.வி.என். களரி நடக்கும் ஊர் இது. சுளுக்கென்றால் உழிச்சில் என்பது நம் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. மெய்ப்பயிற்சியில் தோளின் சுழற்சியை அவ்வளவு நுட்பமாக அறிந்த மரபின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தைத்த திசு ஒட்டாத ஆரம்ப வாரங்களில் எண்ணெய் இட்டு அழுத்தித் தேய்ப்பதும், விறைத்த கையை வலுவில் மடக்குவதும், அறுவை செய்த வைத்தியரின் அனுமதியின்றிச் செய்யத்தக்கவை அல்ல.

தொழில் வேறுபட்டால் கணக்கும் எப்படி மாறும் என்பதற்கு வருவோம். கே.எல். ராகுல் 2017-இல் புனே டெஸ்டில் பட்ட இடது தோள் காயத்தோடே ஆஸ்திரேலியத் தொடர் முழுவதும் ஆடி ஆறு அரை சதங்கள் அடித்துவிட்டு, அதன்பிறகே லண்டனில் அறுவைக்குச் சென்றார். மட்டையாளரின் முன்தோள் அந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். பந்துவீச்சாளருடைய பந்தெறியும் தோள் பொறுக்காது. ஷேன் வார்ன் 1998 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சச்சினின் 155-ஐப் பார்த்துவிட்டுப் போய், மே மாதத்தில் பந்துவீசும் தோளில் அறுவை செய்துகொண்டார். 1999 ஜனவரியில் சிட்னி டெஸ்டுக்குத் திரும்பியபோது மறுமுனையில் ஸ்டூவர்ட் மெக்கில் 12 விக்கெட் சாய்க்க, அவருக்குக் கிடைத்தது இரண்டு. ஏப்ரலில் ஆன்டிகுவா டெஸ்டில் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். எட்டு மாதத்தில் டெஸ்ட் களம் புகுந்த மனிதர், அறுவைக்குப் பதின்மூன்று மாதம் கழித்து, ஜூனில் உலகக் கோப்பையின் அரையிறுதியிலும் இறுதியிலும் ஆட்ட நாயகனானார். இவற்றில் எந்தத் தேதியை அவர் குணமான தேதி என்று சொல்வது? களம் புகுவதும் பழைய பந்தை வீசுவதும் ஒன்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

முத்தையா முரளிதரன் விஷயம் இன்னும் சுவையானது. 2004 ஆகஸ்டில் 532 விக்கெட்டோடு உலகச் சாதனையைக் கையில் வைத்திருந்தபோது அவருடைய வலது தோள் கைகொடுக்க மறுத்தது. அறுவை மெல்போர்னில் நடந்தது. அவர் ஆறிக்கொண்டிருந்த அக்டோபரில், ஆறு ஆண்டுகளுக்கு முன் தோள் அறுபட்ட அதே வார்ன், நம் சேப்பாக்கத்தில் இர்ஃபான் பதானை வீழ்த்தி அந்தச் சாதனையைத் தட்டிக்கொண்டு போனார். போட்டியாளன் விக்கெட்டுகளைக் குவித்துக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருப்பது எத்தகைய மனோதிடத்தை வேண்டுவது! அவசரப்பட எல்லாக் காரணமும் இருந்தும், முரளி மறுபடி டெஸ்ட் ஆடியது 2005 ஜூலையில்தான். அந்தத் தொடரிலேயே கண்டியில் மேற்கிந்தியரை 46 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து வீழ்த்தினார். ஏறக்குறைய ஓராண்டைச் செலவிட்டவர் அதற்குப் பின் ஐந்தாண்டு வீசி, 800-இல் நிறுத்தினார். சுண்டுவது மணிக்கட்டுதான் என்றாலும், நாளொன்றுக்கு முப்பது நாற்பது ஓவர் அந்த மணிக்கட்டைச் சுமந்து சுழல்வது தோள் அல்லவா?

கத்தியே படாமலும் தோள் இதே பாதையில் நடக்கவேண்டிவரும் என்பதை நிரூபித்தவர் நமக்கு அண்மையில் இருக்கிறார். இடுக்கியில் பிறந்து, தாயார் பணிபுரிந்த நெய்வேலியில் வளர்ந்த கேரளப் போலீஸ் வீரர் சாஜன் பிரகாஷ், 2015 தேசிய விளையாட்டில் நகருக்கு வடக்கே எம்.சி. சாலையை ஒட்டிய பிரப்பன்கோடு நீச்சல் குளத்தில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றவர். அவருடைய தொழில் பட்டர்ஃபிளை: 200 மீட்டரில் இரு தோள்களும் ஒரே சமயத்தில் தண்ணீருக்கு மேல் எழுபது எண்பது தடவை சுழன்றாகவேண்டும், ஒன்று பின்தங்கினால் மற்றது ஈடுசெய்ய வழியில்லை. கழுத்தெலும்பின் வட்டுகள் நழுவி நரம்பு நெருக்குண்டதால் இடது தோளும் கையும் அவருக்கு வசப்படாமல் போயின. தாய்லாந்தில் கொரோனா முடக்கத்தில் அகப்பட்டு, குளமின்றி மாதங்களைக் கழித்து, 2020 ஆகஸ்டில் துபாய் சென்று பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் தொடக்கத்திலிருந்து நீந்தலானார். மூட்டு வேறு, நரம்பு வேறு என்றாலும், செயலிழந்த தசையை மீண்டும் வேலைக்கு அழைக்கும் முறை ஒன்றேதான்.

2021 ஜூனில் பெல்கிரேடில் 1 நிமிடம் 56.96 விநாடி, ஒலிம்பிக் ஏ தகுதி வரம்பைவிட 0.48 விநாடி அதிகம். அதே மாதம் 26-ஆம் தேதி ரோமில் 1 நிமிடம் 56.38 விநாடி, வரம்பு 1 நிமிடம் 56.48 விநாடி. அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவரே. டோக்கியோவில் 1 நிமிடம் 57.22 விநாடியில் நீந்தி 24-ஆவதாக வந்து அரையிறுதிக்குள் நுழையவில்லை என்பதால் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியில் ஐந்தாவதாக வந்தபோது அவர் எடுத்தது 1 நிமிடம் 57.75 விநாடி, 2016-இல் ரியோவில், கழுத்து வட்டுகள் நழுவுவதற்கு முன், 1 நிமிடம் 59.37 விநாடி.